படத்திற்கு அஞ்சுகின்றோமா, சாட்சியத்திற்கு அஞ்சுகின்றோமா?

நெல்லைச் சீமையில் பீடித் தொழிலை நம்பி வாழும் ஊர்களுள் ஒன்றில், கல்லூரியில் காட்சித் தொடர்பியல் பயிலும் மாணவி ஒருத்தி தன் இறுதியாண்டுப் பயிற்சிப் பணிக்காக 24 நிழற்படங்கள் எடுத்தாள். படங்களின் பொருள் வேறெதுவுமன்று. அவளுடைய தாயாரும் அத்தெருவின் பெண்டிரும் பீடி சுற்றிக் கழிக்கும் ஒரு நாள். அவை கல்லூரியில் காட்சிக்கு வைக்கப்படவிருந்த வாரத்தில் ஊர்ப் பெரியவர்கள் சிலர் கூடினர். இது ஷரீஅத்துக்கு மாறானது, குடும்பப் பெண்களைச் சந்திக்கு இழுக்கும் செயல் என்று முடிவு செய்து, பெண்ணின் தந்தையை அழைத்துச் சொல்லியும் விட்டனர். பின்னர் நம்மிடம் வந்து, "ஹஜ்ரத், இதற்கு மார்க்க ஆதாரம் நாலு வரி எழுதிக் கொடுங்கள்" என்றனர். முடிவு முன்னதாகவும் ஆதாரம் பின்னதாகவும் வருவது நம் ஊர்களில் புதிதன்று.

நாம் எழுதிக் கொடுக்கவில்லை. அதற்கான காரணத்தை ஒருவர் இருவர் காதில் சொல்வதைவிட, இத்தகைய பெண்மக்களை வீட்டில் வைத்திருக்கும் எல்லாக் குடும்பங்களும் படிக்கும் ஏட்டில் சொல்லுவதே முறையென்று கருதுகின்றோம்.

முதலில் ஷரீஅத்தின் பெயரால் சொல்லப்பட்டதை எடுத்துக்கொள்வோம். உருவம் சமைப்போர் பற்றி ஹதீஸ்களில் வந்துள்ள கடுமையான எச்சரிக்கைகளை மறுப்பவர் எவருமிலர். மத்ரஸாவில் ஓராண்டு ஓதிய பிள்ளைக்கும் அவை தெரியும். உருவங்கள் தீட்டிய திரைச்சீலையை அண்ணலார் (ஸல்) வெறுத்ததும், அன்னை ஆயிஷா (ரலி) அதைக் கிழித்துத் தலையணைகளாக்கியதும் அப்பிள்ளை அறியும். ஆனால் அந்த எச்சரிக்கைகள் கையால் தீட்டும் ஓவியத்துக்கும் செதுக்கும் சிலைக்கும் உரியனவா, கண்ணாடிச் சில்லின் வழியே புகும் ஒளி தானே பதித்துச் செல்லும் நிழலுக்கும் உரியனவா என்பதில் ஆலிம்கள் நூறாண்டுகளுக்கு மேலாகக் கருத்து வேறுபட்டுள்ளனர். 1914 முதல் 1920 வரை எகிப்தின் முஃப்தியாக இருந்த ஷைகு முஹம்மது பகீத் அல்முத்தீஈ, நிழற்படம் படைப்பாகாது, இருக்கும் ஒன்றின் நிழலைப் பிடித்து நிறுத்துவதேயாகும் என்று வாதிட்டு, அது ஆகுமென்று தனி நூலே யாத்தார். இந்தியத் துணைக்கண்டத்தில் தேவ்பந்த் மரபின் முஃப்தி முஹம்மது ஷஃபீ அதற்கு மாறாக எழுதினார். இரு சாராரும் பேரறிஞர்கள். நிழற்படமே கூடாதென்று கருதி, ஹஜ்ஜுக்கான கடவுச்சீட்டைத் தவிர வேறெதற்கும் படத்துக்கு நில்லாத மூத்த ஆலிம்களை நாம் கண்டிருக்கின்றோம். அவர்களது பேணுதலைப் பெரிதும் மதிக்கின்றோம். அவர்களிடமிருந்து இத்தடை வந்திருக்குமாயின் நமது பேனா இவ்வளவு விரைந்திராது.

வந்தது அவர்களிடமிருந்தன்று. தீர்மானம் போட்டவர்களுள் எவர் வீட்டுத் திருமணத்தில் வீடியோ எடுக்கப்படவில்லை? நிக்காஹ் மஜ்லிஸில் ஈஜாபும் கபூலும் காதில் விழாதபடி படக்காரர்கள் நெருக்கித் தள்ளுவதும், மண்டபத்துக்கு மேலே வண்டு போல் இரைந்துகொண்டு பறக்கும் கருவி பெண்கள் பகுதியையும் ஒரு சுற்றுச் சுற்றி வருவதும் நாம் காணாததா? பொன்னாடை போர்த்திக்கொள்ளும்போது அரை நொடி கூடுதலாக நின்று புன்னகைப்பவர் எத்தனை பேர்? பள்ளிவாசல் முக்கிலே பெருநாள் வாழ்த்துப் பலகையில் ஆளுயரத்துக்குச் சிரிக்கும் முகங்களுக்கு நிழல் இல்லையோ? அங்கெல்லாம் ஆகுமாக இருந்த படம், ஓர் ஏழைப் பெண்ணின் மடியிலுள்ள பீடித் தட்டின் மேல் விழுந்தவுடன் ஹராமாகிவிட்டது.

(இடையே ஒன்று சொல்லிவிடுகின்றோம். கேமரா என்னும் சொல் அரபி மொழியிலிருந்து பிறந்ததென்று நம் மேடைகளில் முழங்குவோர் உளர். அது அறை என்று பொருள்படும் லத்தீன் சொல். பெருமை வேண்டுமாயின் உண்மையான பெருமையே இருக்கின்றது: பஸராவில் பிறந்து காஹிராவில் வாழ்ந்த இப்னுல் ஹைஸம், ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கிதாபுல் மனாழிர் என்னும் நூலில் ஒளி நேர்கோட்டில் செல்லும் இயல்பையும் பார்வையின் முறையையும் ஆய்ந்தார். சிறு துளை வழியே இருட்டறையில் கிரகண காலச் சூரியனின் பிறை வடிவம் விழுவது பற்றித் தனியே எழுதினார். இதைச் சொல்லிவிட்டு, அவருடைய கலையைக் கற்கப் போன பெண்ணைத் தடுப்பது என்ன நியாயமோ தெரியவில்லை.)

ஆகவே மறுப்பின் வேர் வேறெங்கோ இருக்கின்றது. அதைக் காண வேண்டுமாயின் படங்களையே பார்க்க வேண்டும். நாம் கேட்டு வாங்கிப் பார்த்தோம்.

ஸுபுஹுக்கு முந்திய இருளில் வுளூச் செய்யும் செம்பும், பீடி இலை நனையும் பாத்திரமும் அருகருகே இருப்பது முதற்படம். இரவெல்லாம் ஈரத்துணியில் பொதிந்திருந்த இலையை, அளவுத் தகட்டை மேலே வைத்துக் கத்தரியால் வெட்டும் கை இன்னொன்றில். தூளை வைத்துச் சுருட்டி, நூல் கட்டி, வாயை மடக்கி, 25 பீடிக்கு ஒரு கட்டாக அடுக்கும் வேலை ஏழெட்டுப் படங்களில் விரிகின்றது. மடித்து வைத்த தொழுகை விரிப்பின் அருகே தட்டு. தட்டின் விளிம்பை மேசையாக்கிக் கணக்குப் போடும் சிறுவன். இலையின் ஓரம் அறுத்து அறுத்துக் காய்ப்புப் பிடித்த ஆள்காட்டி விரல் ஒன்று, பக்கம் முழுவதும். அந்த விரலை நாம் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். எத்தனையோ பிள்ளைகளுக்கு அலிஃப், பே என்று எழுத்தைச் சுட்டிக்காட்டிய விரல் அது. அப்பெண்ணின் தாயார் மாலையில் தெருப் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுப்பவர்.

முகங்கள் மிகச் சிலவே. தாயார் தம் முகம் வேண்டாமென்று சொல்ல, மகள் அதற்கு இணங்கினாள்; அவர் படங்களிலெல்லாம் கையாகவும் முதுகாகவும் சுவரில் விழும் நிழலாகவுமே இருக்கின்றார். ஒரு மூதாட்டியோ, "40 வருஷமாச் சுத்துறேன், என் மொகத்தையும் ஒரு தடவை எடு தாயி" என்று தாமே கேட்டுப் பொக்கை வாய்ச் சிரிப்போடு அமர்ந்திருக்கின்றார். ஒவ்வொரு படத்தின் கீழும் பெயர் வெளியிடச் சம்மதித்தோரின் பெயரும், ஏனையோர்க்கு அவர்களே சொன்ன குறிப்பும், நாளும் நேரமும் எழுதப்பட்டுள்ளன. எல்லாப் பெண்களுக்கும் படத்தின் பிரதி ஒன்று கொடுத்திருக்கின்றாள்.

பீடியே கூடாத பொருளாயிற்றே, அதற்கென்ன படம் என்று ஒருவர் கேட்டார். புகையிலையின் தீமை நாமும் அறிந்ததே. அதன் சட்டத்தை அதனால் மாடி கட்டியவரிடம் முதலில் பேசிவிட்டு, பிறகு அதனால் விரல் தேய்ந்தவரிடம் வருவோம்.

இருபத்தோராவது படத்தில்தான் விஷயம் இருக்கின்றது. ஒப்படைக்கும் இடத்து மேசையில் இரண்டு குவியல்கள். ஒன்று ஏற்றுக்கொண்டவை, மற்றது "கழிவு" என்று ஒதுக்கப்பட்டவை. கழிவுக்குக் கூலி இல்லை. ஆனால் அந்தக் கழிவுப் பீடி பெண்ணிடம் திரும்பி வருவதுமில்லை. அது மேசைக்கு அந்தப் பக்கமே தங்கிவிடுகின்றது. அது என்னவாகிறதென்பது ஊரறிந்த இரகசியம். படத்தில் எவர் முகமும் இல்லை, எவர் பெயரும் இல்லை. இரண்டு குவியல்களும், நடுவே ஒரு பெண்ணின் வெறுங்கையும் மட்டுமே. கூட்டத்தில் குரலை உயர்த்தியவர்களுள் பீடிக் காண்ட்ராக்டர் எவரும் உண்டா என்று நாம் கேட்டபோது சற்று நேரம் ஒருவரும் பேசவில்லை.

எனவே கேள்வி படத்தைப் பற்றியதன்று; சாட்சியத்தைப் பற்றியது. சாட்சியம் குறித்து மார்க்கம் சொல்லாமல் விட்டதா? திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் எதைப் பற்றியது? கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதையும் அதற்குச் சாட்சி வைப்பதையும் பற்றியது. சிறிதாயினும் பெரிதாயினும் எழுதச் சோம்ப வேண்டாமென்கின்றது. எழுதுபவருக்கும் சாட்சிக்கும் தீங்கிழைத்தலாகாதென்று தடுக்கின்றது. அதற்கடுத்த வசனம் சாட்சியத்தை மறைப்பவரின் உள்ளத்தைப் பாவமுடையதென்கின்றது. அந்நிஸா அத்தியாயமோ, தமக்கும் தம் பெற்றோர்க்கும் உறவினர்க்கும் எதிராயினும் நீதிக்காகச் சாட்சி சொல்லப் பணிக்கின்றது. இவ்வளவையும் ஓதிவிட்டு, கூலிக்கணக்குக்குச் சாட்சி எழுதிய ஒரு பெண்ணை வாயடைக்க நம்மிடம் ஆதாரம் கேட்டால் நாம் எங்கே போய் எடுப்போம்?

படத்தால் ஏதும் மாறுமா என்று ஏளனம் செய்வோருக்கு அமெரிக்க நாட்டில் நடந்ததைச் சொல்கின்றோம். லூயிஸ் ஹைன் என்பவர் நியூயார்க்கில் பள்ளி ஆசிரியராயிருந்தவர். 1908 முதல் குழந்தைத் தொழிலாளர் ஒழிப்புக்கான தேசியக் குழுவுக்காக நூற்பாலைகளிலும் சுரங்கங்களிலும் நுழைந்து, வேலை செய்யும் சிறார்களைப் படமெடுத்தார். நேர்வழியே உள்ளே விடமாட்டார்கள் என்பதால் வேதநூல் விற்பவர் போலவும் தீயணைப்புச் சோதனையாளர் போலவும் போனதுண்டு. குழந்தையின் உயரத்தைத் தம் சட்டைப் பொத்தான்களைக் கொண்டே அளந்தார். சட்டைப்பைக்குள் கைவிட்டபடியே பெயர், வயது, வேலை நேரம் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டார். அவரும் அக்குழுவினரும் விட்டுச்சென்ற 5,000-க்கும் மேற்பட்ட படங்கள் இன்றும் அந்நாட்டுக் காங்கிரஸ் நூலகத்தில் உள்ளன. உடனே வெற்றி கிட்டிவிடவில்லை. 1916-இல் வந்த சட்டத்தை இரண்டே ஆண்டுகளில் உச்சநீதிமன்றம் தள்ளுபடி செய்தது. நிலைத்த சட்டம் 1938-இல்தான் வந்தது. ஹைன் 1940-இல் வறுமையில் இறந்தார். ஆனால் ஆலை முதலாளிகள் "எங்களிடம் குழந்தைகளே இல்லை" என்று சொல்ல முடியாதபடி அவருடைய குறிப்புகள் குறுக்கே நின்றன.

நம் பீடித் தொழிலாளர்க்கும் சட்டம் சும்மா வந்துவிடவில்லை. வீட்டிலிருந்து சுற்றுவோரையும் தொழிலாளராகக் கொண்ட சட்டம் 1966-இல் இயற்றப்பட்டபோது, முதலாளிகள் நீதிமன்றம் ஏறினர். 1974-இல் உச்சநீதிமன்றம் சட்டத்தின் பக்கம் நின்றது. அவர்கள் வீட்டுப் பெண்கள்தானே, ஓய்வு நேரத்தில்தானே சுற்றுகிறார்கள் என்ற பேச்சு அன்றும் இருந்தது. இன்றும் நம் ஊரில் அதே பேச்சுத்தான். ஸுபுஹுக்கு முன் தொடங்கி இஷாவுக்குப் பின் முடியும் ஓய்வு நேரத்தை அந்த 24 படங்களில் காணலாம்.

ஹைனின் குறிப்புகளைப் பற்றிப் படித்தபோது நமக்கு வேறொன்று நினைவுக்கு வந்தது. ஹதீஸ் கலையில் செய்தியைவிட முன்னதாக நாம் பார்ப்பது இஸ்னாத். யார் சொன்னார், யாரிடமிருந்து கேட்டார், அவர் அங்கே இருந்தாரா என்பவை. அறிவிப்பாளர் யாரென்று தெரியாவிடில் மஜ்ஹூல் என்று ஒதுக்குவோம். அறிவிப்பாளரின் பெயரை மறைத்துத் தமக்கு நேரே வந்ததுபோல் காட்டுவதைத் தத்லீஸ் என்போம். ஆவணப் படத்துக்கும் இவ்வளவுகோலே போதுமென்பது நம் கருத்து. இதை வைத்துப் பார்த்தால் உலகம் போற்றும் பல படங்கள் தேறமாட்டா.

1936-இல் கலிஃபோர்னியாவின் நிப்போமோ என்னும் ஊரருகே பட்டாணி பறிக்கும் கூலிகளின் முகாமில், பிள்ளைகள் தோளில் சாய்ந்திருக்க, கன்னத்தில் கைவைத்து அமர்ந்திருந்த ஒரு தாயை டாரத்தியா லாங்கே படமெடுத்தார். உலகில் மிகுதியும் அச்சான படங்களுள் அது ஒன்று. அப்பெண்ணின் பெயரை லாங்கே கேட்கவில்லை. படம் பத்திரிகையில் வந்ததும் முகாமுக்கு உணவு அனுப்பப்பட்டது. அதற்குள் அக்குடும்பம் வேலை தேடி வேறிடம் போய்விட்டது. ஃபிளாரன்ஸ் ஓவன்ஸ் தாம்ப்ஸன் என்னும் அவருடைய பெயர் வெளியே வர 1978 ஆயிற்று. அப்படத்தால் தமக்கு ஒரு காசும் கிடைக்கவில்லையென்றும், அதை எடுக்காமலிருந்திருக்கலாமென்றும் அவர் மனம் நொந்து சொன்னார்.

நம் மக்களைப் பற்றிய கதை இன்னும் கசப்பானது. 1984-இல் பெஷாவர் அருகே நாஸிர்பாக் அகதி முகாமின் பள்ளிக் கூடாரத்தில், ஏறத்தாழப் பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தியை அந்நிய ஆடவர் ஒருவர் படமெடுத்தார். 1985 ஜூன் மாதம் அது புகழ்பெற்ற ஆங்கில மாத இதழொன்றின் அட்டையில் வந்தது. பச்சைக் கண்களை உலகம் மனப்பாடம் செய்தது. பெயரை எவரும் கேட்கவில்லை. ஷர்பத் குலா என்று தெரிந்தது 2002-இல், தேடிப் போய்க் கண்டபோதுதான். 2016-இல் போலி அடையாள அட்டை வைத்திருந்ததாகப் பாகிஸ்தானில் அவர் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். உலகிலேயே அதிகம் அறியப்பட்ட முகங்களுள் ஒன்றுக்கு, தான் யாரென்று மெய்ப்பிக்க ஒரு முறையான அட்டை இல்லை. 2021-இல் இத்தாலி அடைக்கலம் தந்தது.

இதைவிடப் பழையது ஒன்றுண்டு, மக்காவிலேயே நடந்தது. மதீனாவை 1861-இலும் மக்காவை 1880-இலும் முதன்முதலாகப் படமெடுத்தவர் எகிப்தியப் படை அதிகாரி முஹம்மது ஸாதிக் பேய். ஹரம் ஷரீஃபின் முதல் நிழற்படங்கள் ஒரு முஸ்லிமின் கையால் வந்தவை என்பதைத் தடை போடுவோர் குறித்துக்கொள்க. அவருக்குப் பின், மக்காவின் மருத்துவர் அப்துல் கஃப்ஃபார் என்பவர் ஹாஜிகளையும் நகரையும் படமெடுத்தார். 1885-இல் மக்காவில் தங்கியிருந்து வெளியேற்றப்பட்ட டச்சு அறிஞர் ஸ்நூக் ஹுர்கொரோன்யே அப்படங்களைப் பெற்று 1889-இல் நூலாக வெளியிட்டார். படத் தகடுகளில் அரபியில் பொறித்திருந்த மருத்துவரின் பெயரோ அழிக்கப்பட்டிருந்தது. வெகுகாலத்துக்குப் பின் ஆய்வாளர்கள்தாம் அப்பெயரை மீட்டனர். ஹதீஸ் கலையில் தத்லீஸுக்கு மாணவர் எவரேனும் வெளி உதாரணம் கேட்டால் நாம் இதைச் சொல்லுவோம்.

இவற்றையெல்லாம் எண்ணிப் பார்த்தால், அம்மாணவிக்கு இரு பக்கமும் இடி என்பது விளங்கும். ஊரார் படமே வேண்டாமென்கின்றனர். கல்லூரியில் அவளை நெறிப்படுத்தியவரோ, "முகம் இல்லாத படத்தில் உயிர் இல்லை, உன் அம்மாவின் கண்ணைக் காட்டு, அறையை இன்னும் இருட்டாக்கு" என்றாராம். பெயரும் நேரமும் எழுதியது அழகைக் கெடுக்கிறதென்று அவற்றை நீக்கவும் சொன்னாராம். வறுமையென்றால் இருட்டு, முஸ்லிம் பெண்ணென்றால் முக்காட்டுக்குள் இரண்டு கண்கள்! நாஸிர்பாக் கூடாரத்திலிருந்து இன்னும் அவர்கள் வெளியேறவில்லை. "உம்மா வேண்டாம் என்று சொன்ன பிறகு எடுத்தால் அது என் படமல்ல, திருட்டு" என்று அவள் மறுமொழி சொல்லியிருக்கின்றாள். மதிப்பெண் குறைந்தாலும் குறையட்டுமென்று இருந்துவிட்டாள். நம்மிடம் ஓதிய பிள்ளைதான்; ஆனால் இந்தப் பாடத்தை நாம் நடத்தியதாக நினைவில்லை.

வெளியாருக்கும் நமக்கும் நடுவே நின்று நம் கதையை நாமே சொல்லப் பழகுவதற்கு முன்மாதிரி இல்லாமலில்லை. டாக்காவில் ஷாஹிதுல் ஆலம் 1998-இல் பாடசாலா என்னும் நிழற்படப் பள்ளியைத் தொடங்கினார். வங்கத்தின் பிள்ளைகள் தம் வெள்ளத்தையும் தம் ஆலைகளையும் தாமே படமெடுக்கக் கற்றனர். 2018-இல் மாணவர் போராட்டம் பற்றிப் பேசியதற்காக அவரை நூறு நாட்களுக்கு மேல் சிறையிலடைத்தது அரசு. சாட்சிகளை அஞ்சுவோர் எல்லா ஊரிலும் இருக்கின்றனர். அங்கே அரசாங்கம், இங்கே தெரு.

பெண்களின் கண்ணியம் என்று உண்மையிலேயே கவலைப்படுவோர் சிலர் அக்கூட்டத்தில் இருந்தனர் என்பதை மறைக்கமாட்டோம். "நாளைக்கு மாப்பிள்ளை வீட்டார் பார்த்தால் என்ன நினைப்பார்கள்?" என்று கண் கலங்கிய தகப்பனார் ஒருவர் அவர்களுள் உண்டு. அவரிடம் நமக்குக் கோபமில்லை. ஆனால் ஹலாலான உழைப்பு பெண்ணுக்கு இழுக்கென்று எந்தக் கிதாபில் இருக்கின்றது? சீர்வரிசையைத் தெருவெல்லாம் பார்க்க வண்டியில் ஏற்றும் சமுதாயம், அந்தச் சீர் எந்த விரல்களால் சேர்ந்தது என்பதைப் பார்க்க மட்டும் கூசுவது ஏன்? தம் மகள் சுற்றிய பீடியின் காசில் பந்தல் போடுவார்கள். அவள் சுற்றும் படம் இருக்கக்கூடாதென்பார்கள்.

படங்கள் இப்போது அவ்வீட்டுப் பீரோவில் இருக்கின்றன. கல்லூரிக் காட்சி முடிந்துபோயிற்று. கண்ணியத்தின் பேரில் தடுத்தவர்கள் நேர்மையானவர்களாயின் ஒன்று செய்யலாம்: அத்தெருப் பெண்களையே கூட்டி, படங்களை அவர்கள் முன் பரப்பி, எதை வைப்பது எதை நீக்குவது என்று அவர்களையே கேட்கலாம். இதுவரை நடந்த எந்தக் கூட்டத்திலும் அவர்களுள் ஒருவரையும் கேட்கவில்லை. 24-இல் இரண்டை நீக்கு என்று அவர்கள் சொன்னால் அப்பெண் நீக்கிவிடுவாள். அதை நாம் அவளிடம் கேட்டறிந்தோம். இருபத்தோராவது படத்தை அவர்கள் நீக்கச் சொல்வார்களென்று நமக்குத் தோன்றவில்லை.

நம்மிடம் எழுத்து கேட்டவர்களை வெறுங்கையோடு அனுப்பவும் விருப்பமில்லை. இஜாரா பற்றிய பாடத்திலிருந்து எழுதித் தருகின்றோம். கழிவென்று ஒதுக்கிய பீடியைச் சுற்றியவள் கண்முன்னே பிரித்து அழித்துவிட்டால் வழக்கு ஒருவகை. வைத்துக்கொண்டு விற்றுக் காசாக்கினால், அந்த உழைப்பின் கூலி காண்ட்ராக்டர் தலையில் கடனாக நிற்கின்றது. அவர் எத்தனை முறை உம்ரா போய்வந்தாலும் அது தீராது. கிதாபின் பெயரும் பக்கமும் குறித்து, கையொப்பமிட்டு, ஜும்ஆவுக்குப் பின் பள்ளிவாசல் பலகையில் ஒட்டுவதற்கு ஏற்றாற்போல் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருக்கின்றோம். வந்து வாங்கிச் செல்லலாம்.